14700கே ஓவர்கிளாக்: வேலூர் வெயிலுக்கு ஏர் கூலரா, லிக்விட் கூலரா?

பாலாற்றங்கரை:

வணக்கம் நண்பர்களே. இரண்டு வாரமாக மண்டையைக் குடைகிற விஷயம் இது, சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன்: கணினியின் பிராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட (ஓவர்கிளாக் செய்ய) ஃபேன் வைத்த ஏர் கூலர் போதுமா, தண்ணீரால் குளிர்விக்கும் லிக்விட் கூலர் வேண்டுமா?

என்னிடம் இருப்பது இன்டெல் கோர் ஐ7-14700கே பிராசஸர், இசட்790 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ராம், ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் கார்டு. கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு, இரவில் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் என் சொந்த வேலை. இப்போது மாட்டியிருப்பது நான்கு ஹீட்பைப் (சூட்டைக் கடத்தும் செப்புக் குழாய்) உள்ள ஒற்றை டவர் (ஒரே தகடு அடுக்கு) ஏர் கூலர், பழைய கணினியிலிருந்து கழற்றி ஒரு கிட் வாங்கிப் பொருத்தியது. அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஏசி கிடையாது. வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, பகலெல்லாம் தளம் குடித்த சூட்டை இரவு பதினொரு மணி வரைக்கும் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். போன வாரம் அறைக்குள் வைத்த தெர்மாமீட்டர் ராத்திரி எட்டு மணிக்கு 37 காட்டியது. ரெண்டர் போட்டால் ஒரு நிமிடம்கூட ஆவதில்லை, பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டு வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

எட்டு பி-கோரையும் (சிப்பின் வேகமான கோர்கள்) 5.7 கிகாஹெர்ட்ஸில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது ஆசை. கடையில் கேட்டால் 360 லிக்விட் (360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் உள்ள லிக்விட் கூலர்) போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். கூட வேலை செய்யும் நண்பர், தண்ணீர் ஒழுகினால் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து போய்விடும், பெரிய ஏர் கூலரே போதும் என்கிறார். கையில் 12,000 ரூபாய் வரைக்கும் இருக்கிறது. கேபினெட்டில் 163 மில்லிமீட்டர் உயரம் வரை கூலர் நிற்கும், மேல் பக்கம் 240 ரேடியேட்டர்தான் போகும், முன் பக்கம் 360 போகும், ஆனால் முன் பக்கம் முழுக்க கண்ணாடி. 600 விஏ யுபிஎஸ் இருக்கிறது. எதை வாங்கலாம்?

கோடம்பாக்கம்_எடிட்:

தம்பி, கூலரை அப்புறம் பார்ப்போம். அந்தப் பிராசஸரை எத்தனை வாட் குடிக்க விடப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், மற்ற கணக்கு அதற்குப் பிறகுதான் வரும்.

14700கே-க்கு இன்டெல் போட்டிருக்கும் உச்ச டர்போ அளவு 253 வாட். ஆனால் நிறைய இசட்790 போர்டுகள் வாங்கும்போதே அந்த எல்லையை எடுத்துவிட்டுத்தான் வந்தன. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) பவர் லிமிட் என்ற இடத்தில் 4096 என்று இருந்தால் எல்லையே இல்லை என்று பொருள், 100 டிகிரி தடுக்கும் வரை ஏறிக்கொண்டே போகும். உங்களுடையது எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

இனி கணக்கு. எந்தக் கூலராக இருந்தாலும், அது காற்றோ தண்ணீரோ, அறையின் வெப்பத்துக்கு மேலே இத்தனை டிகிரி என்றுதான் வேலை செய்யும். நல்ல இரட்டை டவர் ஏர் கூலர் இந்த வகை இன்டெல் சிப்பில் 250 வாட்டுக்கு அறை வெப்பத்துக்கு மேல் 65 முதல் 70 டிகிரி என்ற அளவில் நிற்கும். நல்ல 360 லிக்விட் என்றால் 55 முதல் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபினெட், சிப்பின் மேல் தடவும் பேஸ்ட், சிப் இவற்றைப் பொறுத்து முன்பின் இருக்கும், தோராயம்தான். உங்கள் அறை 37. ஏர் கூலரில் 37-ஐயும் 67-ஐயும் கூட்டினால் 104, அதாவது 100-இல் முட்டி வேகம் குறையும். லிக்விடில் 95, தப்பிக்கும், ஆனால் மயிரிழையில். இதே இரண்டையும் 22 டிகிரி ஏசி அறையில் வைத்தால் 89, 80. அங்கே இரண்டுமே ஓடும். இணையத்தில் பார்க்கும் பெரும்பாலான சோதனைகள் அப்படிப்பட்ட அறையில் செய்தவை, அந்த எண்களை எடுத்து மே மாத வேலூருக்குப் போட்டுப் பார்த்தால் ஏமாற்றம்தான்.

அடுத்தது அந்த 5.7. உங்கள் சிப் எல்லா பி-கோரிலும் 5.5 வரை தானாகவே போகக்கூடியது. 5.7-க்கு நிலையாக நிற்க வோல்டேஜை 1.25-இலிருந்து 1.35-க்கு ஏற்ற வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்துக்கும் வேகத்துக்கும் ஏற்றபடி கூடும். வோல்டேஜுக்கு மட்டும் 16.6 சதவீதம், வேகத்துக்கு 3.6 சதவீதம், இரண்டும் பெருகி ஏறத்தாழ 21 சதவீதம் கூடுதல் சூடு. கிடைக்கிற வேகம் 3.6 சதவீதம். 253 வாட் 306 ஆகிவிடும், 37 டிகிரி அறையில் அதை 360 லிக்விட் தாங்காது. எல்லா கோரிலும் 5.7 என்ற யோசனையை உங்கள் அறையில் விட்டுவிடுங்கள் என்று மனசாரச் சொல்கிறேன்.

என் எடிட்டிங் கணினியிலும் 14700கே-தான். 200 வாட்டுக்குப் பூட்டு போட்டு வைத்திருக்கிறேன். 253-இல் பத்து நிமிடம் ஆன ஒரு ரெண்டர் 200-இல் நாற்பது நொடி கூடுதலாக எடுத்தது. அதற்காக நான் இழந்தது எதுவும் இல்லை, கிடைத்தது அமைதி. 200 வாட் என்றால் இரட்டை டவர் ஏர் கூலரே உங்கள் அறையிலும் 90-ஐ ஒட்டி நிற்கும். தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155 மில்லிமீட்டர், டீப்கூல் ஏகே620 160 மில்லிமீட்டர், இரண்டுமே உங்கள் கேபினெட்டில் நுழையும். நாக்டுவா என்எச்-டி15 165, அது நுழையாது. மிச்சப் பணத்துக்கு அந்தக் கண்ணாடி முகப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வலை முகப்பு உள்ள கேபினெட் வாங்குங்கள், அதுதான் முதல் எதிரி.

கோவை_வாட்:

மேலே அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் லிக்விடை அப்படி ஓரமாகத் தள்ள வேண்டாம், நான்கு வருடமாக 360 ஓட்டுகிறேன், அதில் நல்லதும் கெட்டதும் பார்த்துவிட்டேன், சொல்கிறேன்.

நல்லது என்னவென்றால், ஏர் கூலர் கேபினெட்டுக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுக்கும். அந்தக் காற்றை உங்கள் 4070 ஏற்கெனவே 200 வாட் ஊற்றிச் சூடாக்கி வைத்திருக்கும். சிப்பும் கார்டும் ஒன்றாக ஓடும் வேலைகளில் அறை 37 என்றால் கேபினெட்டுக்குள் 45. ரேடியேட்டரை முன் பக்கம் மாட்டினால் அது அறைக் காற்றை நேராக இழுக்கும், அந்த எட்டு டிகிரி முழுக்க சிப்புக்கு லாபம். ஆனால் ரேடியேட்டர் தாண்டி வரும் சூடான காற்று கார்டுக்குப் போகும், கார்டு இரண்டு மூன்று டிகிரி ஏறும். வீடியோ ரெண்டருக்கு அது பரவாயில்லை.

இரண்டாவது, தண்ணீர் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். இரண்டு நிமிட வேலை, அப்புறம் ஓய்வு, மறுபடி இரண்டு நிமிடம் என்று ஓடுகிற எடிட்டிங்கில் ஃபேன் சத்தம் ஏறி இறங்காது. ஆனால் இதே குணம் சோதனை செய்பவர்களை ஏமாற்றவும் செய்யும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு 78 டிகிரிதான் என்று படம் போடுவார்கள், தண்ணீர் இன்னும் சூடேறியே இருக்காது. லிக்விட் என்றால் குறைந்தது அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்த எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

கெட்டது: என் முதல் லிக்விட் கூலரின் பம்ப் இரண்டே கால் வருடத்தில் நின்றுவிட்டது. பிராண்டைச் சொல்ல விரும்பவில்லை, எந்தப் பிராண்டிலும் நடக்கலாம். ஒழுகவெல்லாம் இல்லை. விண்டோஸ் திறந்து ஒரு நிமிடத்தில் 100 டிகிரி, அப்புறம் கணினி தானாக அணைந்துவிட்டது. உத்தரவாதம் இருந்தது, மாற்றியும் கொடுத்தார்கள், ஆனால் கூரியரில் போய் வர இருபது நாள் ஆனது. அந்த இருபது நாளும் நான் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தேன், இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போனது, இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. கே சிப்புகளோடு பெட்டியில் கூலர் வராது என்பதை நினைவில் வையுங்கள். பிழைப்புக்காக ஓட்டும் கணினியில் லிக்விட் போட்டால், இப்போது வைத்திருக்கும் நான்கு பைப் கூலரை விற்றுவிடாமல் அலமாரியில் வையுங்கள். ஏர் கூலரில் கெடக்கூடியது ஃபேன் மட்டும்தான், அது கெட்டால் அன்றைக்கே பக்கத்துத் தெருவில் ஒரு 120 ஃபேன் வாங்கி மாட்டிவிடலாம்.

லிக்விட் வாங்கினால் மாட்டும் விதம் முக்கியம். ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்பைவிட உயரமாக இருக்க வேண்டும், முன் பக்கம் நிறுத்தினால் குழாய்கள் கீழ்ப்பக்கம் வர வேண்டும். குழாயின் ரப்பர் வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறும், அந்த இடத்தில் காற்று சேரும். காற்று எப்போதும் உயரமான இடத்தில்தான் போய் நிற்கும், அந்த இடம் பம்பாக இருந்தால் கரகர சத்தமும் வரும், பம்பின் ஆயுளும் குறையும்.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை. 600 விஏ யுபிஎஸ் என்பது வழக்கமாக 360 வாட். சிப் 253, கார்டு 200, போர்டு, மானிட்டர் எல்லாம் சேர்த்தால் ஐந்நூறைத் தாண்டும். ரெண்டர் நடுவில் கரண்ட் போனால் யுபிஎஸ் அந்த நொடியே கத்திவிட்டு அணைந்துவிடும். ஓவர்கிளாக் செய்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

பாலாற்றங்கரை:

இருவருக்கும் நன்றி. பயாஸில் பார்த்தேன், சொன்னபடியே 4096 என்று இருந்தது! இத்தனை நாள் இது தெரியாமலேயே ஓட்டியிருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். ஒன்று, லிக்விட் போட்டால் அறையின் சூடு குறையுமா? இரவில் கணினி பக்கத்தில்தான் படுக்கிறேன். இரண்டாவது, ஒழுகும் பயம் எந்த அளவுக்கு உண்மை?

கோடம்பாக்கம்_எடிட்:

அறை சூடு குறையவே குறையாது. 253 வாட் சிப்புக்குள் போனால் 253 வாட்டும் உங்கள் அறைக்குள்தான் வந்து விழும், அலுமினியத் தகடு வழியாக வந்தாலும் சரி, ரேடியேட்டர் வழியாக வந்தாலும் சரி. சிப்பையும் கார்டையும் சேர்த்தால் அரை யூனிட் அளவு சூட்டை ஒவ்வொரு மணி நேரமும் அறைக்குள் கொட்டுகிறீர்கள். கதவு சாத்தியிருந்தால் அறையே ஏறும், அறை ஏற ஏற சிப்பும் ஏறும். ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் அது எந்தக் கூலரை மாற்றுவதைவிடவும் பலன் தரும், உங்கள் தூக்கத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒழுகுவது நடக்கும், ஆனால் அரிது. நான் மாட்டிக்கொடுத்த கணினிகளில் பம்ப் செத்ததைப் பார்த்திருக்கிறேன், ஒழுகியதைப் பார்த்ததில்லை. பயப்பட வேண்டியது பம்பின் ஆயுளுக்குத்தான். ஐந்தாறு வருடத்துக்கு மேல் ஒரு ஏஐஓ-வை (முழுதாக மூடி வரும் லிக்விட் கூலர்) நம்பி இருக்க மாட்டேன்.

அப்புறம் ஒரு விஷயம், ஏர் கூலர் என்று சொல்கிறோமே தவிர அதற்குள்ளும் தண்ணீர்தான் வேலை செய்கிறது. அந்தச் செப்புக் குழாய்க்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சில சொட்டுத் தண்ணீரை வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும், ஆவி மேலே தகடுகள் இருக்கும் இடத்தில் குளிர்ந்து மறுபடி தண்ணீராகி, உள்சுவரில் இருக்கும் நுண்துளைப் பூச்சு வழியாகத் திரி எண்ணெயை இழுப்பது போல அடிக்குத் திரும்பும். பம்பும் இல்லை, மூட்டுகளும் இல்லை. பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். எனக்கு இந்தப் பொருளின் மேல் பெரிய மரியாதை உண்டு.

ஸ்கார்பரோ_வாசி:

நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன். என்னிடமும் இதே 14700கே, பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ-தான் பாவிக்கிறேன், கணனி பேஸ்மெண்டில் இருக்கிறது. பனிக்காலத்தில் அங்கே 18, 19 டிகிரி. 253 வாட்டில் சினிபெஞ்ச் என்கிற வேகச் சோதனையை அரை மணித்தியாலம் ஓடவிட்டால் 86, 87-இல் நிற்கும். அதே கணனியைப் போன ஜூலை மேல்மாடி அறைக்குக் கொண்டுபோனேன், ஏசி பழுது, அறை 31. உடனே 98, 99. கூலரில் ஒரு திருகாணிகூட மாற்றவில்லை தம்பி, அறைதான் மாறினது. ஆகவே வெளிநாட்டில் இருக்கிற என்னைப் போன்றவர்கள் ஏர் கூலர் போதும் என்று எழுதினால் எந்த மாதத்தில் எழுதினார்கள் என்று கேட்டுவிட்டு நம்புங்கோ.

மைக்ரோகோட்_பார்:

எல்லாரும் கூலரைப் பற்றியே பேசுகிறீர்கள், ஓவர்கிளாக் செய்யப்போவது 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் என்பதை மறந்துவிட்டீர்கள். இந்தச் சிப்புகள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி உள்ளுக்குள்ளேயே தேய்ந்துபோகும் சிக்கல் 2024-இல் பெரிதாக வெடித்தது. அந்த ஆகஸ்டில் 0x129 என்ற மைக்ரோகோடும் (பயாஸ் வழியாக வரும் சிப்பின் உள் நிரல்), செப்டம்பரில் 0x12பி-யும் வந்தன, உத்தரவாதத்தையும் இன்டெல் இரண்டு வருடம் கூட்டியது. உங்கள் போர்டு 4096 வாட்டில் நின்றுகொண்டிருந்தது என்றால் பயாஸ் பழையது என்றே நினைக்கிறேன். எதையும் வாங்கும் முன்பு பயாஸைப் புதுப்பியுங்கள், பிறகு இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ் என்ற தேர்வைப் போடுங்கள். தேய்ந்த சிப்பைப் புது பயாஸ் சரிசெய்யாது, இனி தேயாமல் காக்கும், அவ்வளவுதான். ஓவர்கிளாக்கால் வரும் சேதம் வழக்கமான உத்தரவாதத்துக்குள் வராது என்பதும் தெரிந்திருக்கட்டும். 1.35-க்கு மேல் கையால் வோல்டேஜ் ஏற்றி இரவு முழுக்க ரெண்டர் ஓட்டுவது எனக்குச் சம்மதமே இல்லை, அது எந்தக் கூலராக இருந்தாலும்.

வோல்டேஜை ஏற்றுவதைவிட இறக்கிப் பாருங்கள். 0.05 இறக்கி ஒரு மணி நேரம் நிலையாக நின்றால், அதே 200 வாட்டில் சிப் தானாகவே கூடுதல் வேகம் போகும். 5.7 பார்த்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு கோருக்கு மட்டும் வையுங்கள். டைம்லைனில் இழுக்கும்போது, எஃபெக்ட் போடும்போது பயன்படுவது அந்த ஒன்றிரண்டு கோர்தான், அந்த நேரத்தில் மொத்த வாட்டும் குறைவு, உங்கள் பழைய கூலரே தாங்கும்.

கொங்குப்பையன்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் ரைசன் 7 7800எக்ஸ்3டி வைத்திருக்கிறேன், விளையாட மட்டும். நானும் 360-க்குப் போகணுமா அண்ணா?

கோவை_வாட்:

வேண்டாம் தம்பி. அது விளையாட்டில் 100 வாட்டைக்கூடத் தொடாது, மல்டிப்ளையரும் பூட்டியிருக்கும், அதை வைத்து வேகத்தை ஏற்ற முடியாது. தவிர அந்த ரைசன் 7000 வரிசையில் சூடு முழுக்க 71 சதுர மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு சின்னச் சில்லிலிருந்து வருகிறது, மேலே இருக்கும் மூடியும் தடிமன். சூடு அந்த மூடியைத் தாண்டி வெளியே வருவதுதான் அங்கே சிரமம், வெளியே எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் லாபம் கொஞ்சம்தான். நல்ல ஒற்றை டவர் போதும், மிச்சத்துக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கிக்கொள்.

பாலாற்றங்கரை:

பத்து நாள் கழித்து வருகிறேன். செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கும் பயன்படும்.

முதலில் பயாஸ் புதுப்பித்தேன். பிறகு பழைய நான்கு பைப் கூலரோடு 200 வாட் வைத்து ஓட்டினேன், அறை 36. அப்போதும் 100-ஐத் தொட்டு லேசாக வேகம் குறைந்தது. கண்ணாடி முகப்பைக் கழற்றிவிட்டு அதே ரெண்டரை ஓட்டினேன், 94. ஆறு டிகிரிக்கும் மேல்! ஒரு ரூபாய் செலவில்லை. இத்தனை நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்லியிருக்கிறேன் இந்தக் கணினியை. வோல்டேஜை 0.05 இறக்கினேன், ஒன்றரை மணி நேரம் ஓட்டியும் பிழை வரவில்லை, பி-கோர்கள் 5.0-இலிருந்து 5.2-க்குப் போயின, சூடு அதே.

அதன் பிறகுதான் கூலர் வாங்கினேன், 155 மில்லிமீட்டர் இரட்டை டவர். லிக்விட் வாங்காததற்குக் காரணம் டிகிரி இல்லை, கோவை அண்ணன் சொன்ன அந்த இருபது நாள். முகூர்த்த மாதத்தில் எனக்கு இருபது நாள் கணினி இல்லை என்றால் அந்த வருடமே போச்சு. கூடவே சாக்கெட்டுக்கு ஒரு காண்டாக்ட் ஃப்ரேமும் (சிப்பைச் சமமாக அழுத்திப் பிடிக்கும் சட்டம்) போட்டேன், எல்ஜிஏ1700 என்ற இந்தச் சாக்கெட்டில் சிப் லேசாக வளைவது பற்றிப் படித்திருந்ததால். இப்போது அறை 36, 200 வாட், நாற்பது நிமிடம் ஓட்டிய பிறகு 85. இரண்டு கோருக்கு 5.7 வைத்திருக்கிறேன், டைம்லைனில் இழுக்கும்போது வித்தியாசம் கைக்குத் தெரிகிறது. மிச்சப் பணத்தில் ஜன்னலுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன், யுபிஎஸ்ஸை 1100 விஏ ஆக்க இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும்.

ஒரே ஒரு சிக்கல். ராமின் தகடு உயரம், முன்பக்க ஃபேன் அதில் இடிக்கிறது. ஃபேனை ஏழு மில்லிமீட்டர் மேலே ஏற்றிக் கொக்கி மாட்டியிருக்கிறேன், பக்கவாட்டுக் கதவு மூடுகிறது, ஆனால் உரசுகிற மாதிரி இருக்கிறது. இப்படியே விடலாமா?

கோடம்பாக்கம்_எடிட்:

ஃபேன் கதவில் தொட்டால் அதிர்வுச் சத்தம் வரும், விடாதீர்கள். முன்பக்க ஃபேனைக் கழற்றி இரண்டாவது டவருக்குப் பின்னால், கேபினெட்டின் பின் ஃபேனைப் பார்த்தபடி மாட்டுங்கள், காற்று அதே திசையில் போக வேண்டும். நடு ஃபேன் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஒன்றிரண்டு டிகிரி கூடலாம், உங்களுக்கு இப்போது பதினைந்து டிகிரி கையிருப்பு இருக்கிறது. அப்புறம் அந்த ஃப்ரேமின் திருகாணிகளை இறுக்கி முறுக்கியிருந்தால் கொஞ்சம் தளர்த்துங்கள், அழுத்தம் அதிகமானால் ஒரு ராம் கணினிக்குத் தெரியாமல் போகலாம், விண்டோஸில் 32 ஜிபி முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பாலாற்றங்கரை:

மாட்டிவிட்டேன், 86. ராம் 32-ம் தெரிகிறது. நன்றி அண்ணா.